பத்தாம் நாள் மண்

அத்தியாயம் 17

வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் அழுததில்லை. அன்று காலை மரிய ஜோசப்புக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் பாளம் பாளமாய் வெடிக்கத் தொடங்கியிருந்த அவருடைய அரை ஏக்கர், இப்போது கணுக்கால் அளவு தண்ணீரில் வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. யாரோ பத்திரிகை வைத்து அழைத்ததுபோல் இரண்டு கொக்குகள் வேறு வந்து இறங்கியிருந்தன.

அவருக்குப் பின்னால் மகள் பெனிட்டா வந்து நின்றாள். அவள் தோளில் மண்ணின் உறுதியை அளக்கும் இரும்புக் கம்பி இருந்தது. ஒரு நுனியில் கூர்மையான கூம்பு, மறு நுனியில் கடிகாரம் மாதிரி ஒரு மீட்டர்.

"இன்னிக்கு எட்டாம் நாள்ப்பா" என்றாள்.

பெனிட்டா ராணுவத்தில் மேஜர். பொறியாளர் பிரிவில் பதினொரு வருஷம் பாலம் கட்டியவள், பாதை போட்டவள். இப்போது ராணுவமே அவளை எம்.டெக். படிக்கப் புனேவுக்கு அனுப்பியிருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளத்தின்போது அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு போன அவளுடைய லாரிகள், தண்ணீர் வடிந்த வயலில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டன. ஊர் கண்ணுக்கு எதிரே தெரிந்தது. போய்ச் சேர ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளை அவள் மறக்கவே இல்லை. தண்ணீர் வடிந்த நெல் வயல் எத்தனையாவது நாளில் எவ்வளவு பாரம் தாங்கும்? அதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

மகளுக்காக மரிய ஜோசப் இந்தப் போகம் நடவு போடாமல் நிலத்தைச் சும்மா விட்டிருந்தார். ஒரு தடவை நிறையத் தண்ணீர் கட்டி, வடித்துவிட்டு, அன்றிலிருந்து தினமும் பத்து இடத்தில் கம்பியை இறக்கி அளந்தாள் பெனிட்டா. எழுதுவது அப்பா. லோயர் கேம்ப் மின் நிலையத்தில் முப்பது வருஷம் மணிக்கு ஒரு தடவை மீட்டர் பார்த்து எழுதிய கை. ஒரு எண் கூடக் கோணாது.

ஏழு நாள் எழுதியாகிவிட்டது. எட்டு, ஒன்பது, பத்து மட்டும் பாக்கி. பத்தாம் நாளான சனிக்கிழமை இரவு மதுரையில் அவளுக்கு ரயில். அதோடு விடுமுறை முடிகிறது. கணக்கு முழுசாக இல்லாவிட்டால் ஆராய்ச்சியைச் சமர்ப்பிக்க முடியாது. படிப்பை முடிக்காமலே படைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"ஏலே சங்கிலி!" என்று கத்தினார் மரிய ஜோசப்.

வாய்க்கால் மதகில் மண்வெட்டியோடு நின்ற சங்கிலி திரும்பினான். அந்த வாய்க்காலில் யாருக்கு என்றைக்குத் தண்ணீர் என்று பார்த்துத் திறந்து அடைப்பது அவன் வேலை.

"யாருடா என் வயலுக்குத் தொறந்து விட்டது?"

"சுருளிராஜண்ணன்தான் விடச் சொன்னாக. விடியக்காலம் வந்து, அவுகளே நின்னு திருப்பி விட்டாக."

சுருளிராஜன்! மரிய ஜோசப்புக்குக் காது சூடாகிவிட்டது.

இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். நடுவில் ஒரு வரப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வரப்பில் இவர் வைத்த தென்னங்கன்றை அவருடைய டிராக்டர் ஏறி மிதித்தது. இவர் ஒரு வார்த்தை சொன்னார், அவர் இரண்டு சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணம், துக்கம் எதற்கும் போக்குவரத்து இல்லை.

"அப்பா, வேணாம்…" என்று பெனிட்டா சொல்வதற்குள் அவர் பாதி வரப்பைத் தாண்டியிருந்தார்.

சுருளிராஜன் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா சுருளி, ஒனக்கும் எனக்கும்தானடா பகை? எம் புள்ள என்னடா பண்ணுச்சு?"

சுருளிராஜன் வாயில் நுரையோடு விழித்தார்.

"ஏழு நாளு! வெயில்ல நின்னு எழுதுனோம். அம்புட்டையும் ஒரே மடைத் தண்ணியில கரைச்சுட்டயே! ஒரு தென்னங்கன்னுக்கு இம்புட்டுப் பழியா?"

தெருவில் ஆள் கூடிவிட்டது. அடுத்த வீட்டு அக்கம்மாள் முற்றம் தெளித்த வாளியோடு வந்து நின்றாள். 'மேஜரைப் பெயிலாக்கி வீட்டுக்கு அனுப்பிட்டாக, அதான் மண்ணுக்கு ஊசி போட்டுக்கிட்டுத் திரியுது' என்று ஊருக்குச் சொன்னவளே அவள்தான்.

சுருளிராஜன் வாயைக் கொப்பளித்தார். தலை குனிந்துகொண்டார். அது மரிய ஜோசப்பின் கோபத்துக்கு இன்னும் எண்ணெய் வார்த்தது. மேலும் நாலு வார்த்தை கொட்டினார். இங்கே எழுத வேண்டாம்.

அடுப்படியிலிருந்து ராமுத்தாய் வந்தாள். சுருளிராஜனின் மனைவி. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, பேசி முடிச்சிட்டீகளா? இப்ப நான் பேசலாமா?"

மரிய ஜோசப் மூச்சு வாங்கினார்.

"இன்னிக்கு முறை எங்களுது. பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. விடியக்காலம் வயலுக்குப் போன மனுசன் உங்க நெலத்தப் பாத்திருக்காக. வெடிச்சுக் கெடக்கு. அந்தப் புள்ள தெனமும் வந்து குத்திக் குத்திப் பாக்குது, தண்ணியில்லாமத்தான் இப்பிடித் தவிக்குதுன்னு நெனச்சு, எங்க முறையில பாதிய உங்களுக்குத் திருப்பி விட்டுட்டாக. எங்க கீழ்வயலு இன்னும் நனையல. நம்பலேன்னா போயிப் பாருங்க."

அக்கம்மாளின் வாளிகூட ஆடவில்லை.

வயலைக் காயப்போட்டு வேடிக்கை பார்க்கிற சம்சாரியை அந்தப் பள்ளத்தாக்கில் யார் கண்டது? காய்ந்த நிலத்தைப் பார்த்தால் தண்ணீர் விட வேண்டும். சுருளிராஜனுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். அந்த நியாயத்துக்காகத் தன் பயிரின் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?" என்றார் மரிய ஜோசப். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"பேச்சே இல்லாத எடத்துல எப்பிடிண்ணே கேக்க?" சுருளிராஜன் இப்போதுதான் நிமிர்ந்தார். "தண்ணி விட்டா பேச்சு வரும்னு நெனச்சேன். வந்துச்சு. வசவா வந்துச்சு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மரிய ஜோசப்புக்குப் பூமி பிளந்து தன்னை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. கோபத்துக்கு எப்போதும் கால் நீளம். உண்மை நடந்து வந்து சேர்வதற்குள் அது ஓடிப்போய் நாலு பானையை உடைத்துவிடுகிறது.

அதற்குள் அவருடைய மனைவி லூர்து மேரியும் பெனிட்டாவும் வந்து சேர்ந்தார்கள். நடந்ததை ராமுத்தாய் இரண்டே வரியில் சொன்னாள். லூர்து மேரி கணவரைப் பார்த்தாள்.

"தெனமும் ராத்திரி செபத்துல, தப்பு செஞ்சவுகள மன்னிக்கிறேன்னு சொல்றீக. நல்லது செஞ்சவுகள என்ன பண்றதுன்னு அதுல இல்லேன்னுதான் இப்பிடி வஞ்சீகளா?"

மரிய ஜோசப் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை.

பெனிட்டா மட்டும் இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் முகத்தில் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா" என்றாள் சுருளிராஜனிடம், "ஒங்க கீழ்வயலுக்குக் கடைசியா எப்பத் தண்ணி வந்துச்சு?"

"போன முறைக்குத்தான் தாயி. பத்து நாளாச்சு."

"நாளைக்கு யார் முறை?"

"எனக்குத்தான்" என்றாள் அக்கம்மாள், வாளியை இறக்கி வைத்துவிட்டு.

"அப்ப அத்தை வயலு நனைஞ்சு ஒம்பது நாள். நாளன்னிக்கு?"

"நல்லகண்ணு மாமனுக்கும் ஒங்களுக்கும் சேந்த முறை" என்றான் சங்கிலி. அவனும் பின்னாலேயே வந்திருந்தான்.

"அவர் வயலு எட்டு நாள்!" பெனிட்டா கம்பியைத் தரையில் ஊன்றினாள். மேஜர் போய் எட்டாம் வகுப்புப் பெண் வந்துவிட்டாள் அவள் குரலில். "அப்பா! நாம ஒரே வயலப் பத்து நாள் பாக்கணும்னு நெனச்சோம். இங்கன பத்து வயலு இருக்கு. ஒண்ணொண்ணும் ஒவ்வொரு நாள்ல நனைஞ்சிருக்கு. எல்லாம் ஒரே கரிசக் களிமண்ணு. பத்து நாளும் இன்னிக்கே இங்கன படுத்துக் கெடக்குப்பா!"

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. முதலில் புரிந்துகொண்டவன் சங்கிலி.

"அட, முறைதான் கணக்கு! எந்த வயலு எத்தன நாளுன்னு என்னையக் கேளுங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"எட்டும் ஒம்பதும் சரி" என்றார் மரிய ஜோசப், மெதுவாகக் கணக்குப் போட்டு. "பத்து? பத்தாம் நாளு முடிஞ்ச வயலுன்னா இன்னிக்கு முறைக்காரன் வயலு. அதுலதான் தண்ணி கட்டியாச்சே…"

சுருளிராஜனைத் திரும்பிப் பார்த்தார்.

சுருளிராஜன் தன் முறையை முழுசாகப் பாய்ச்சியிருந்தால் அந்தப் பத்தாம் நாள் மண் இந்த ஊரில் எங்கேயும் இருந்திருக்காது. பாதியைக் கொடுத்ததால்தான் பாதி காய்ந்து கிடக்கிறது. கெடுத்த தண்ணீரும் அதுதான், காத்து வைத்ததும் அதுதான். ஆண்டவர் கணக்கு எழுதுகிற நோட்டு நம்முடையதைப் போலக் கோடு போட்டதாக இருப்பதில்லை.

"கீழ்வயலுக்குத் தண்ணி போயிறாம பாத்துக்கங்க!" என்று சொல்லிக்கொண்டே பெனிட்டா நடக்கத் தொடங்கிவிட்டாள். தெரு முழுக்க அவள் பின்னால் போயிற்று.

சுருளிராஜனின் கீழ்வயலில் நெல் முழங்கால் உயரம் நின்றது. இலை நுனிகள் சுருண்டிருந்தன. பயிர் வரிசைக்கு நடுவில் கால் வைத்து இறங்கினாள் பெனிட்டா. கம்பியை நேராகப் பிடித்து, அவசரமில்லாமல், ஒரே சீராக அமுக்கினாள். மீட்டரின் முள் நகர்ந்தது.

"நாப்பத்தேழு!"

மரிய ஜோசப் எழுதினார். ஏழாம் நாள் எழுதியது முப்பத்தொன்று. பத்து இடத்திலும் குத்திப் பார்த்தாள். நாற்பத்தைந்துக்குக் குறையவில்லை.

"அப்பிடின்னா என்ன தாயி?" என்று கேட்டார் சுருளிராஜன்.

"அப்பிடின்னா இந்த வயல்ல மருந்து லாரி போகும் சித்தப்பா. புதையாது."

"எம் பயிரு மேலயா?" என்று அவர் பதற, வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் மரிய ஜோசப்.

"இங்கன முடிஞ்சுதுப்பா."

நோட்டை மகளிடம் கொடுத்தார். சங்கிலியின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவரப்புக்குப் போனார். மூன்று வருஷமாக ஒரு சாண் மண் இந்தப் பக்கம் வந்ததா அந்தப் பக்கம் போனதா என்று தினமும் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்த வரப்பு அது. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். இரண்டு, மூன்று.

மேலே நின்ற தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. பிறகு சலசலவென்று சுருளிராஜனின் கீழ்வயலுக்குள் இறங்கி ஓடியது. காய்ந்த வெடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து, குமிழி விட்டு, பயிரின் காலடியைத் தொட்டது.

"போதும்ணே, போதும்! ஒங்க வரப்பு கரைஞ்சு போகும்" என்று ஓடி வந்தார் சுருளிராஜன்.

"கரையட்டும்டா."

மன்னிப்பு என்ற சொல்லை மரிய ஜோசப் சொல்லவில்லை. ராமுத்தாய் மட்டும் லூர்து மேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, எங்க வீட்டுல இட்லி ஊத்தியிருக்கேன். இன்னிக்கு எல்லாருக்கும் அங்கனதான்" என்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த 'மதினி'யைக் கேட்டதும் லூர்து மேரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சட்னிக்கு நான் தேங்கா எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள், யாரும் பார்க்காமல் துடைத்துக்கொள்ள.

அடுத்தது அக்கம்மாள் வயல்.

"பயிர மிதிச்சா மேஜருன்னெல்லாம் பாக்க மாட்டேன், ஆமா" என்றாள் அக்கம்மாள்.

"மிதிக்க மாட்டேன் அத்தை."

"எம் வயலுக்கும் ஊசியா? போடு, போடு. வலிக்காம போடு." பெனிட்டா கம்பியை இறக்கும்போது அக்கம்மாள் கொஞ்சம் கிட்டே வந்தாள். குரலைத் தணித்தாள். "ஏம்மா, நீ பெயிலாயிட்டேன்னு ஊருக்குள்ள நான்தான் சொல்லி வச்சேன். இப்ப என்னன்னு மாத்திச் சொல்லட்டும்?"

பெனிட்டா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் பாஸாகலன்னு சொல்லுங்க. அது உண்மை. நாப்பத்தொண்ணு அப்பா!"

அடுத்த வயலுக்குப் போகும்போது அக்கம்மாள், வெயிலுக்கு மோர் கரைத்து ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். பெனிட்டாவுக்கு இரண்டு டம்ளர்.

நல்லகண்ணு வயல் முப்பத்தாறு. அங்கிருந்து ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கினார்கள். சங்கிலி முன்னால் போய், "இது ஏழு நாளு! இது ஆறு!" என்று கட்டியம் சொல்லிக்கொண்டே போனான். வயல்காரர்கள் அவரவர் வரப்பில் வந்து நின்று வழிவிட்டார்கள். தன் வயல் முள் எவ்வளவு காட்டியது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்து வயலைவிடக் கூடவா குறைவா என்று விசாரித்துக்கொண்டார்கள். உச்சிவேளையில் மாதா கோயிலில் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்தபோது மரிய ஜோசப் வரப்பில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற சுருளிராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

நாலு மணிக்கு எல்லாம் முடிந்தது. புளியமரத்தடியில் நின்று பெனிட்டா புனேயில் இருக்கும் தன் வழிகாட்டிக்குப் போன் போட்டாள். அவர் ஒரு கர்னல். இங்கிலீஷும் இந்தியுமாய் வெகுநேரம் பேச்சு நடந்தது. ஊர் காத்திருந்தது. போனை வைத்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

"என்ன சொன்னாக?" லூர்து மேரிக்குப் பொறுக்கவில்லை.

"ஒரே வயல்ல எடுத்த கணக்கு பத்தாதுன்னு எப்பிடிச் சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தாராம்மா. இப்ப பதினொரு வயலு! சமர்ப்பிச்சுறலாம்னுட்டாரு. இந்த யோசனை யாருதுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"சுருளிராஜன்னு ஒரு சித்தப்பா தப்பாத் தண்ணி தொறந்து விட்டதுன்னேன். ஆராய்ச்சிப் புத்தகத்துல நன்றி சொல்ற பக்கத்துல அவர் பேரை முதல்ல போடச் சொல்லிட்டாரு."

"தப்பாங்குறதையும் போடுவாகளா தாயி?" என்றார் சுருளிராஜன் கவலையோடு.

அந்தச் சிரிப்பு வாய்க்கால் கரை நெடுக ஓடி அடங்க நேரம் ஆனது.

வெயில் இறங்கியதும் கூட்டம் கலைந்தது. மரிய ஜோசப்பும் சுருளிராஜனும் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, மதகுப் படியில் உட்கார்ந்து பெனிட்டா கம்பியின் சேற்றைக் கழுவினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றார் சுருளிராஜன். "தண்ணி விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம். மறைக்கல."

"கேளு."

"எம் மக ஓவியா கோயமுத்தூர்ல படிக்கிறாள்ல. படிப்பு முடியப் போகுது. பட்டாளத்துல ஆபீசராச் சேரணும்னு எழுதிப் போட்டு, பரீட்சையும் பாஸாகிட்டாளாம். போன வாரம் வந்து சொல்றா. வேணாம்னேன். அழுதுட்டுப் போயிட்டா. நாலு நாளா போன எடுக்க மாட்டேங்குறா." அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குப் பயமா இருக்குண்ணே. ராமுத்தாயிகிட்டகூடச் சொல்லல, பயம்னு. நீங்க எப்பிடி அனுப்புனீக? சென்னையில பயிற்சி முடிஞ்சு நடந்த அணிவகுப்புல நீங்களே ஒங்க கையால பெனிட்டா தோள்ல ஸ்டார் குத்திவிட்டதா ஊருக்கே சொல்லியிருக்கீக. நானும் டீக்கடையில கேட்டிருக்கேன். அந்த நேரம் ஒங்க மனசு எப்பிடி இருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க. அதவச்சு நான் எம் மனச நேராக்கிக்கிறேன்."

மரிய ஜோசப்பின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஸ்டார் குத்தியது லூர்து மேரி. தனியாக ரயில் ஏறிப் போய், ஒரு தோளில் குத்தினாள். மறு தோளுக்கு அப்பா இல்லாததால் யாரோ ஒரு அதிகாரியின் மனைவி வந்து குத்தினாள். அந்த நாளில் மரிய ஜோசப் லோயர் கேம்ப்பில் மீட்டர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். 'பட்டாளத்துக்குப் போறவ எனக்கு மகளே இல்ல' என்று சொல்லி, அதற்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு மனம் மாறியது. மாறிய மனத்துக்கு ஊரில் சொல்ல ஒரு கதை தேவைப்பட்டது. பதினொரு வருஷமாக அந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். பெனிட்டா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட அவள் திருத்தியதில்லை. "ஆமா, அப்பாதான்" என்றுகூட ஒருமுறை சொன்னாள்.

மதகுப் படியில் கம்பி கழுவும் சத்தம் நின்றிருந்தது.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் லேசாகத் தலையை அசைத்தாள். 'இருந்துட்டுப் போகட்டும்ப்பா' என்பது போல. இத்தனை வருஷமும் அப்படித்தான் அவரைத் தாங்கியிருக்கிறாள்.

அப்படியே விட்டுவிடலாம். ஒரு நல்ல கதை ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால் இன்னொரு தகப்பன் அதன்மேல் தன் மகளின் வாழ்க்கையை ஏற்றப் பார்க்கிறான். அந்த மண் தாங்காது என்று மரிய ஜோசப்புக்குத் தெரியும்.

தண்ணீரிலிருந்து கையை எடுத்தார். கரையில், ஈரப் புல்லின்மேல், தனக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்.

"உக்காரு சுருளி" என்றார். "அன்னிக்கு நான் அங்கன இல்ல."